கொள்ளைநோய்க் காலமும் நாட்டார் மருத்துவமும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

நாட்டார் மருத்துவம் குறித்த தமிழ் ஆய்வுகள் பலவும் மூலிகைப் பட்டியல்களாகவே நின்றுவிடுகின்றன. ஒரு மருந்தை மக்கள் எந்தப் புரிதலோடு ஏற்கின்றனர் என்னும் வினா அவற்றுள் விடுபடுகிறது. திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் முன்வைத்து அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

அம்மையும் சூடும்

கோட்டை மாரியம்மன் வழிபாடு செல்வாக்குப் பெற்ற இப்பகுதியில் அம்மை, நோயாக மட்டுமன்றி அம்மனின் வருகையாகவும் கருதப்படுகிறது. வாசலில் வேப்பிலை செருகுதல், தாளிப்பைத் தவிர்த்தல், இளநீரும் கூழும் அளித்தல், இறுதியில் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுதல் ஆகிய நடைமுறைகளுள் பல, சூட்டைத் தணித்தல் என்னும் கருத்தோடு இணைந்தவை. வாசல் வேப்பிலை அயலார் வருகையைத் தடுப்பதால் தொற்றும் குறையக்கூடும். எனினும் இதனை முன்னோரின் கிருமியியல் அறிவு எனப் போற்றுவது பொருந்தாது. விளைவு ஒன்றாயினும் காரண அறிவு ஒன்றாகிவிடாது. பெரியம்மை ஒழிந்ததென 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்ததற்குத் தடுப்பூசியும் நோய்க் கண்காணிப்புமே அடிப்படை.

நிலவேம்பு யாருடைய மருந்து?

நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சுவேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் ஆகிய ஒன்பது சரக்குகள் சேர்ந்தது நிலவேம்புக் குடிநீர். 2012 டெங்குப் பரவலின்போது தமிழக அரசு இதனைப் பரவலாக வழங்கியது. 2020இல் கபசுரக் குடிநீர் அவ்வாறே மக்களை அடைந்தது. இவை சித்த மருத்துவ மரபிலிருந்து அரசு நிறுவனங்கள் வழியாக ஊர்களுக்கு வந்தவை. இவற்றை வாய்மொழி மரபாகப் பதிவுசெய்வது, நிறுவன மருத்துவத்திற்கும் நாட்டார் மருத்துவத்திற்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

புரிதலின் எல்லை

மக்கள் இப்புதுவரவையும் தம் பழைய சூடு, குளிர்ச்சி என்னும் பகுப்பிற்குள் பொருத்திக்கொள்ள இயலும். சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. அம்மையில் சூடு தணிதல் நலத்தின் அடையாளம். டெங்குவிலோ காய்ச்சல் தணியும் நாள்களிலேயே பேரிடர் நேரலாம். கடும் வயிற்றுவலி, தொடர்வாந்தி, ஈறுகளில் குருதிக்கசிவு, சோர்வு ஆகியவை அப்போது தோன்றக்கூடும். கசாயத்தால் காய்ச்சல் விட்டது என்னும் நிறைவு, மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதப்படுத்தினால் உயிரிழப்பு நேரலாம். மேலும், வாசல் வேப்பிலை மனிதரை நிறுத்தும். வீட்டினுள் சேமித்த நீரில் பெருகும் ஏடிசு கொசுவை நிறுத்தாது. தண்ணீர்த் தட்டுப்பாட்டால் குடங்களிலும் தொட்டிகளிலும் நீரைத் தேக்கும் சமவெளி ஊர்களுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

முடிவுரை

மக்களின் மருத்துவ அறிவை மூடநம்பிக்கை எனத் தள்ளுவதும் முழு அறிவியல் எனக் கொண்டாடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டும் அம்மக்களின் காரண விளக்கத்தைக் கேட்பதில்லை. இளநீரும் கஞ்சியும் கொடுக்கும் வழக்கம் டெங்கு நோயாளிக்கு வேண்டிய நீர்ச்சத்தைத் தருகிறது, அதனை ஊக்குவிக்கலாம். சூடு தணிந்த பின்னரே கூடுதல் விழிப்பு வேண்டும் என்பதை மக்களின் சொற்களிலேயே உணர்த்துவதும் இயலும். அதற்கு மூலிகைப் பட்டியல் போதாது; நோய் குறித்த மக்களின் சொற்களும் பகுப்புகளும் ஆய்வின் மையமாதல் வேண்டும்.