முகப்பும் சந்தாவும்

உள்ளூர்ச் செய்திக்கென்றே நடக்கும் சிறிய இணையதளங்களில் ஓர் அறிவிப்பு அடிக்கடி தென்படுகிறது. முதல் வாக்கியம், புதிய வடிவில் வருகிறோம் என்று சொல்லும். அடுத்தது, தொடர்ந்து நடக்க உங்கள் பணம் வேண்டும் என்று கேட்கும். படிக்கிறவர்கள் முன்னதை அலங்காரமாகவும் பின்னதை யாசகமாகவும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டும் ஒரே வாக்கியம் என்பது என் கட்சி. பக்கத்தின் உருவம் எவரைப் பார்த்து நிற்கிறதோ அவரிடம்தான் அது பணம் கேட்க முடியும். பணம் எவரிடமிருந்து வருகிறதோ அவர் பக்கமாகவே உருவமும் நாளடைவில் திரும்பிக்கொள்ளும்.

உருவம், உள்ளடக்கம் என்ற பழைய வழக்கை நாம் கவிதையோடு முடித்துக்கொண்டோம். உருவம், உள்ளடக்கத்தின் மேல் மாட்டிய சட்டை அல்ல என்று ஒப்புக்கொண்டவர்கள்கூட, கவிதை அச்சாகிற பத்திரிகையைப் பற்றிப் பேச்சு வந்தால், தாள், அட்டை, எழுத்தளவு எல்லாம் அச்சகத்தாரின் விவகாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மணிக்கொடி 1933-ல் அரசியல் வாரப்பத்திரிகையாக ஆரம்பித்தது, 1935-ல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைப் பத்திரிகையாயிற்று. இலக்கியச் சரித்திரம் இதை விஷயத்தின் மாற்றமாகப் பதிந்து வைத்திருக்கிறது. எனக்கு இது முதலில் வாசகனைப் பற்றிய தீர்மானமாகப் படுகிறது. இனி யாரோடு பேசுவது என்று முடிவாகிவிட்டால் பக்கத்தின் அளவும், ஆசிரியரின் குரலும், சந்தாவின் தொகையும் அதன் பின்னால் வந்து சேர்கின்றன. உள்ளூர்ச் செய்தித் தளங்களின் மறுவடிவமைப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு ஆட்சேபத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வார்டு சாக்கடையையும் பள்ளிக்கூடத்துக் கூரையையும் எழுதுகிற பக்கம் ஒன்று நின்றுபோனால் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டத்தை ரூபாய்க் கணக்கிலேயே சொல்ல முடியும். அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்பட்ட மாவட்டங்களை எடுத்துக்கொண்டு மூன்று நிதித்துறை ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். பத்திரிகை மூடிய பிறகு அங்கே நகராட்சிக் கடன் பத்திரங்களுக்கான வட்டி 0.05-லிருந்து 0.11 சதவீதப் புள்ளி வரை ஏறியிருக்கிறது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் கடன் கொடுப்பவன் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறான். 100 கோடி கடனுக்கு இந்த ஏற்றம் வருஷத்துக்கு 5 லட்சத்திலிருந்து 11 லட்சம் வரை ஆகும். பக்கம் நின்றதையே கவனிக்காதவனும் அதை வரியாகக் கட்டுகிறான். ஆகவே இந்தச் செலவு ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நிருபருக்குச் சம்பளமாகக் கொடுப்பதா, நிருபர் இல்லாததற்கு அபராதமாகக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

உருவம் என்ன செய்யும் என்பதை, பி.ஏ. ஆங்கிலத்துக்காகப் படித்த புத்தகங்களைவிட, வங்கியில் என் மேஜைக்கு வரும் படிவங்களே எனக்கு அதிகம் கற்பித்தன. படிவம் தன்னை நிரப்புகிறவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறது. தையல்காரர் ஒருவர் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டால் அதற்குப் படிவத்தில் கட்டம் இருக்கிறது. ஆடி மாதத்து வாடகைக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத தேவையை அவர் சொல்லாமலே விட்டுவிடுகிறார். கொஞ்ச நாளில் அது தேவையே அல்ல என்று தாமும் நம்பத் தொடங்குகிறார். அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு நிற்கும் செய்தித் தளத்தின் ஸ்திதியும் ஏறக்குறைய இதுதான். அங்கும் கட்டங்கள் உண்டு: புதுமை என்ன, தாக்கம் என்ன, எத்தனை பேருக்கு எட்டும், இன்னும் எத்தனை ஊருக்கு விரியும். மறுவடிவமைப்பு இந்தக் கட்டங்களில் சுலபமாக உட்கார்ந்துவிடும். அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. முன்னும் பின்னும் படம் எடுத்துக் காட்டலாம். நகராட்சிக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற நிருபரைப் படம் எடுத்துக் காட்ட முடியாது. மறுவடிவமைப்பு தையல் இயந்திரம். அந்த நிருபர் ஆடி மாதத்து வாடகை. இயந்திரத்துக்குப் பணம் கிடைத்து, தைக்கிறவருக்குக் கூலி இல்லாமல் மூடிய கடைகள் எந்தக் கடைத்தெருவிலும் உண்டு.

அறக்கட்டளையைப் பார்த்துத் திரும்புவது ஒரு விதம். இதைவிடக் கெட்ட திரும்புதல்கள் உண்டு. விளம்பரத்தைப் பார்த்துத் திரும்பிய பக்கத்தை எல்லோரும் அறிவோம். ஒரே செய்தி ஐந்து துண்டாகும். கட்டுரை முடிகிற இடத்தில் தொப்பை குறைக்கும் வைத்தியமும் நடிகையின் வீடும் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். அடுத்தது, ஃபேஸ்புக்கைப் பார்த்துத் திரும்பிய பக்கம். 2015-லிருந்து இரண்டு மூன்று வருஷங்கள், இனி எல்லாம் வீடியோதான் என்று பல செய்தி நிறுவனங்கள் எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தங்கள் உருவத்தை மாற்றிக்கொண்டன. வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று தான் சொல்லிவந்த கணக்கு மிகையானது என்று 2016-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. கனடாவில் செய்திக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டம் வந்தபோது, 2023 ஆகஸ்டில், அதே நிறுவனம் அந்த நாட்டில் செய்திகளையே தன் தளங்களிலிருந்து நீக்கத் தொடங்கியது. பல வருஷங்களாக அந்தக் கதவையே தங்கள் வாசலாக வைத்திருந்த சிறிய ஊர்த் தளங்களுக்கு, வாசல் தங்களுடையது அல்ல என்பது அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது, தனி முதலாளியைப் பார்த்து நிற்கும் பக்கம். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் பேட்டை பேட்டையாகச் செய்தி தந்துகொண்டிருந்தது டிஎன்ஏஇன்ஃபோ. அதன் நியூயார்க் ஊழியர்கள் தொழிற்சங்கத்துக்கு வாக்களித்து ஒரு வாரம் ஆனதும், 2017 நவம்பர் 2 அன்று, முதலாளி ஜோ ரிக்கெட்ஸ் அதை மூடினார். அதோடு சேர்ந்த காதமிஸ்ட்டும் போயிற்று. இரண்டிலும் சேர்த்து 115 பேருக்கு வேலை போயிற்று. அன்றைக்கு அந்தத் தளத்தின் எந்தப் பழைய கட்டுரையைத் தேடிப் போனாலும் முதலாளியின் கடிதம்தான் வந்தது. பழைய கட்டுரைகள் பிறகே திரும்பக் கிடைத்தன. ஒரு பக்கத்தின் உண்மையான உருவம் எது என்று கேட்டால், அந்த ஒரு நாள் தெரிந்த உருவம் என்றுதான் சொல்வேன். மற்ற நாட்களில் அது மறைந்திருந்தது.

வேலை போனவர்களில் சிகாகோ ஆசிரியர்கள் சிலர் 2018-ல் பிளாக் கிளப் சிகாகோ என்ற லாபநோக்கற்ற தளத்தை ஆரம்பித்தார்கள். பொதுமக்களிடம் கேட்டுப் பணம் திரட்டினார்கள். 3,100-க்கு மேற்பட்டவர்கள் சுமார் 1,83,000 டாலர் கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லிசைட் என்ற ஊர்த் தளம் தன் பங்குகளை வாசகர்களுக்கே நேரில் விற்று, 355 பேரிடமிருந்து 10 லட்சம் டாலர் சேர்த்தது. அதுவும் 2018-ல் நிறைவேறியதுதான். இரண்டையும் வாசகர் வெற்றி என்று ஒரே வரியில் கொண்டாடுவது வழக்கம். வகுத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. சிகாகோவில் தலைக்கு ஏறக்குறைய 58 டாலர். பெர்க்லியில் தலைக்கு 2,800 டாலருக்கு மேல். முன்னது சந்தா, பின்னது முதலீடு. பெர்க்லி பல்கலைக்கழக ஊர். சேமிப்புள்ளவர்கள் நிறைந்த ஊர். அங்கே செல்லுபடியான வழி பக்கத்து ஊருக்கே செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது. சிகாகோத் தளம் தன் முகப்பைப் பேட்டைப் பெயர்களாலேயே பிரித்து வைத்துக்கொண்டது. வாசகன் முதலில் தன் தெருவைக் கண்டுபிடிக்கிறான். பணம் கேட்கப்பட்ட முறைக்கும் பக்கம் அடுக்கப்பட்ட முறைக்கும் இங்கே இசைவு இருக்கிறது.

இந்த இசைவு இன்னும் தீவிரமாக அமைந்த இடம் இங்கிலாந்தின் பிரிஸ்டல். 2014-ல் தொடங்கிய பிரிஸ்டல் கேபிள் ஒரு கூட்டுறவுச் சங்கம். மாதம் ஒரு பவுண்டு கொடுத்தவரும் அதிகம் கொடுத்தவரும் வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் ஒரு ஓட்டுத்தான் போடலாம். எந்த விளம்பரத்தை ஏற்பது என்ற கொள்கைகூட அங்கத்தினர்களின் தீர்மானத்துக்கு வந்தது. பணம் கொடுத்தவனுக்கு இங்கே நன்றி அட்டையோடு கேள்வி கேட்கும் உரிமையும் கிடைக்கிறது. சிறு தொகைகளின் மதிப்பு அவற்றின் கூட்டுத்தொகையில் மட்டும் இல்லை என்பதை வங்கிக்காரன் சொன்னால் நம்பலாம். பத்துப் பெரிய டெபாசிட்டுகளை நம்பி நடக்கிற கிளையில், அந்தப் பத்துப் பேரில் ஒருவர் உள்ளே நுழைந்தால் மேலாளர் எழுந்து நிற்கிறார். பத்தாயிரம் சிறு கணக்குள்ள கிளையில் யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் பதில் சொன்னால் போதும்.

ஆனால் மாதம் ஒரு பவுண்டுக்கு ஈடான தொகையைக்கூடக் கொடுக்க முடியாத வாசகன் இருக்கிறான். மேலே சொன்ன முன்மாதிரிகள் எல்லாம் அவன் முன்னால் மௌனமாகிவிடுகின்றன. உத்தரப்பிரதேசத்துச் சித்ரகூட மாவட்டத்தில் 2002-ல் ஆரம்பித்த கபர் லஹரியாவை இங்கே கவனிக்க வேண்டும். தில்லியின் நிரந்தர் என்ற பெண்கள் அமைப்பின் துணையோடு, பெரும்பாலும் தலித் மற்றும் பிற ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கிராமத்துப் பெண்களே எழுதி, தொகுத்து, விற்ற பத்திரிகை அது. முதலில் பந்தேலியிலும், பின்னால் அவதி, போஜ்புரி முதலிய மொழிகளிலும் வந்தது. அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றவர்களும் படிக்கும்படி அது அமைக்கப்பட்டது. இந்த அமைப்பைப் பார்த்து எந்த விளம்பரக்காரனும் மயங்கியிருக்க மாட்டான். ஒரு கிழவி வாய்விட்டுப் படித்துப் பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்வதற்கான உருவம் அது. 2009-ல் யுனெஸ்கோவின் செஜோங் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. 2013-ல் இணையதளம் வந்தது. சில வருஷங்களில் அச்சு நின்று, கைபேசியில் எடுத்து யூடியூபில் காட்டும் வீடியோக்களாக அது மாறிவிட்டது.

இந்த மாற்றத்தை வளர்ச்சி என்று மட்டும் சொல்லி நிறுத்துவது விமர்சனம் ஆகாது. எழுத்து தெரியாதவரையும் வீடியோ எட்டுகிறது; மாவட்ட அதிகாரியையும் எட்டுகிறது. அதே சமயம் தாள் வீட்டுக்கு வீடு கை மாறும்; கைபேசி வீட்டில் ஒருவர் பையில் இருக்கும், அந்த ஒருவர் அநேகமாக ஆண். பெண்கள் நடத்தும் பக்கம் பெண்ணின் கையிலிருந்து ஓர் அடி தள்ளிப் போகக்கூடும் என்ற அபாயத்தை இந்த உருவம் தன்னுள் வைத்திருக்கிறது. கைபேசி மலிந்த காலத்தில் வேறு வழியும் இல்லை. எட்டுகிற தூரமும் எட்டுகிற ஆளும் ஒன்றல்ல என்பதை நடத்துகிறவர்கள் மறக்காதிருந்தால் போதும்.

அவர்கள் மறக்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சியம் உண்டு. இந்தப் பெண்களைப் பற்றிய ரைட்டிங் வித் ஃபயர் என்ற ஆவணப்படம் 2021-ல் வெளிவந்து ஆஸ்கார் பரிந்துரை வரை போயிற்று. உலகம் முழுவதும் நிதி தருகிறவர்கள் விரும்பிப் பார்க்கும் முகம் ஒன்று அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. பரிசு விழாவுக்குச் சில நாட்கள் முன்னால், 2022 மார்ச்சில், கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே கட்சியைப் பற்றி எழுதுவதையே முழுமூச்சாகக் கொண்ட நிறுவனமாகத் தங்களைக் காட்டுவது சரியல்ல, கதையின் ஒரு பகுதி முழுக்கதையாகிவிடாது என்பது அதன் சாரம். சாதாரண புத்தி, மௌனமாக இருந்து அந்தப் புகழைப் பணமாக்கச் சொல்லும். பிறர் வரைந்து தந்த முகப்பை மறுக்கிற இந்தத் துணிவை எந்த வடிவமைப்பாளரும் செய்து தர முடியாது.

இந்தியாவில் இந்தத் துணிவுக்கு விலை இன்னும் அதிகம். 2010-ஆம் வருஷத்து வெளிநாட்டு நிதிச் சட்டம், பத்திரிகைகளும் மின்னணு ஊடகத்தில் செய்தி தயாரிப்பவர்களும் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதைத் தடுக்கிறது. எஞ்சுவது உள்நாட்டு அறக்கட்டளை, விளம்பரம், சந்தா. முதலாவது பயந்தது, இரண்டாவது விலைக்கு வாங்கக்கூடியது. மூன்றாவதுக்கு நம் சமூகம் பழகவில்லை. செய்தி இலவசமாகக் கிடைக்கும் வஸ்து என்று நினைக்கிறோம். அதற்கு வேறொருவன் கொடுத்த விலையை நாம் விசாரிப்பதில்லை.

ஆகவே ஒரு தளம் புதிய வடிவத்தில் வந்திருக்கிறது என்றால், வண்ணத்தையும் எழுத்துருவையும் விட்டுவிட்டு, மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். பத்து வருஷத்துக்கு முன் எழுதிய செய்தி இன்னும் அதே இடத்தில் கிடைக்கிறதா? பணம் கொடுத்தவர்களின் பெயரும் தொகையும், தேடாமல் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா? செய்தியில் பிழை கண்ட வார்டு வாசி அதைச் சொல்வதற்கு, நன்கொடைப் பொத்தானின் அளவுக்காவது பெரிய வழி இருக்கிறதா? இந்த மூன்றிலும் தேறாத மறுவடிவமைப்பு, குடியிருப்பவர்களைக் கேட்காமல் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த காரியம்தான்.

நம் வட்டத்துக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. செல்லப்பா எழுத்தை 1959-லிருந்து 1970 வரை நடத்தினார். அதன் வெளியீடுகளைத் தாமே சுமந்து கொண்டுபோய் விற்றார். அந்தச் சுமையை நாம் தியாகம் என்று பெயரிட்டுப் பூஜை அறையில் வைத்துவிட்டோம். சிறுபத்திரிகை சாவதில் ஒரு கௌரவம்கூடக் கண்டுபிடித்தாயிற்று. நின்றுபோன பத்திரிகைகளின் பட்டியலைப் பெருமையோடு ஒப்பிக்கிறோம். ஊர்ச் செய்தித் தளம் நடத்துகிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவன் பக்கம் நின்ற மறுநாள் டெண்டர் திறக்கப்படும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பிழைத்திருப்பதும் விமர்சனத்துக்கு உட்பட்ட ஒரு செயல், அதற்கும் உருவம் உண்டு, அதிலும் நேர்மை பொய்மை உண்டு என்று அவனால்தான் நமக்குச் சொல்ல முடியும். சந்தா கேட்டு அவன் எழுதும் நாலு வரியை அவனுடைய மற்ற எழுத்தைப் படிக்கிற கவனத்தோடேயே படிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறான், எந்தக் குரலில் கேட்கிறான் என்பதில் மீதி எல்லாம் இருக்கிறது.