தில்லை அறையும் நிழல் நூலகமும்

தேவாரத் திருமுறைகள் கிடைத்த வரலாற்றைக் கூறும் திருமுறை கண்ட புராணம், உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் சிறு நூல். சமய நூலாகவே பெரிதும் பயிலப்படும் இதனுள், அறிவுச் செல்வம் யாருக்கு உரியது என்னும் வழக்கொன்றும் பொதிந்து கிடக்கின்றது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை விலையின்றி வழங்கும் இணைய நிழல் நூலகங்களைப் பற்றிய பூசல் மிக்குள்ள இந்நாளில், அவ்வழக்கை ஒருமுறை திறனாய்ந்து நோக்குதல் பயனுடைத்து.

கதை நிகழ்ந்த நிலமும் கருதத்தக்கது. சேத்தியாத்தோப்பைச் சூழ்ந்த வட்டாரமே அது. ஏடுகளைத் தேடிய நம்பியாண்டார் நம்பியின் ஊர் திருநாரையூர். ஏடுகள் கிடந்த இடம் தில்லை. பண்முறை வகுக்க யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி கிடைத்த ஊர், இன்று இராசேந்திரப்பட்டினம் எனப்படும் திருஎருக்கத்தம்புலியூர். நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகளும் அணித்தேயுள்ள காட்டுமன்னார்கோயிலில் தோன்றியவரே. மறைந்த நூல்களை மீட்ட பெரியார் இருவரை ஈன்ற பெருமை இந்நிலத்துக்கு உண்டு.

மன்னன் தில்லைக்கு வந்து ஏடுகளைக் கேட்கின்றான். பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றி அறை திறவாது என்கின்றனர் காவலர். மன்னன் கதவை உடைத்தானல்லன். பொருள் கொடுத்து அதனை வாங்கினானும் அல்லன். மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, 'இதோ, பாடியவர் வந்தனர்' என்று காட்டினான். அறை திறந்தது. ஆயின் ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. பாடப்பட்டனவாகப் புராணம் கூறும் பதிகங்கள் நூறாயிரத்துக்கு மேற்பட்டன. இன்று நமக்குக் கிடைப்பன ஏறக்குறைய 800. அம்மன்னன் யாவன் என்பது பற்றிய கருத்து வேற்றுமை ஈண்டு ஆராயப்படவில்லை.

இனி இன்றைய வழக்கை நோக்குவாம். கசகசுத்தானத்தைச் சேர்ந்த அலெக்சாண்டிரா எல்பக்கியான் 2011இல் சை-ஹப் என்னும் நிழல் நூலகத்தைத் தொடங்கினார். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தில் அதன்மேல் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் அத்தளத்தை இந்தியாவில் தடுக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. இதற்கிடையே, 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு நடுவண் அரசு 2024 நவம்பரில் இசைவளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பகங்கள்; ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசு நிறுவனங்களில் பயில்வோர்க்கும் பணிபுரிவோர்க்குமே இது பயன்படும். தனியார் கல்லூரி மாணவரும், படிப்பு முடித்து ஊர் திரும்பிய ஆய்வாளரும் வாயிலின் புறத்தே நிற்கின்றனர்.

ஆகவே, நிழல் நூலகம் கதவை உடைக்கின்றது. சந்தாத் திட்டம் கதவுக்கு வாடகை தருகின்றது. முன்னது சட்டத்துக்கு மாறானது. பின்னது தவணை முடிந்தால் மீண்டும் தர வேண்டுவது. வறிய மாணவர் முன்னதை நாடுவது ஏன் என்பது விளங்குகின்றது. எனினும் விளங்குதல் வேறு, ஏற்றல் வேறு. சில நூறு படிகள் அச்சிட்டு அவற்றின் விற்பனையால் வாழும் சிறு தமிழ்ப் பதிப்பகத்தின் நூலை இணையத்தில் இறைத்தல் அறமாகாது. ஆய்வுக் கட்டுரையின் நிலை வேறு. அதனை எழுதியவர்க்கும் மதிப்பிட்டவர்க்கும் பெரும்பாலும் ஊதியம் தராத பதிப்பகம், படிப்பவரிடம் விலை கேட்கின்றது. தில்லையில் காத்தோர் விலை கேட்டாரல்லர் என்பதும் ஒப்புமையின்கண் மறக்கத்தகாத வேறுபாடு.

எனினும் புராணம் உணர்த்தும் உண்மை ஒன்று உளது. காவலர் தம் உரிமையைப் பாடியவர் பெயராலேயே நிலைநாட்டினர். பாடியவர் வந்து நின்றபோது அவ்வுரிமைக்கு இடமில்லாது போயிற்று. திறவுகோல் உண்மையில் ஆசிரியர் கையது என்க. நம் சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, கையொப்பமிட்ட எழுத்தின்றி உரிமை மாற்றம் செல்லாது. எழுத்திருந்தும் காலம் குறிக்கப்படாவிடின் 5 ஆண்டோடு அது முடியும். பணி ஒப்பந்தத்தால் உரிமை வேறொருவர்க்குச் சென்றாலன்றி, எழுதிக் கொடாத கட்டுரையின் உரிமை எழுதியவரிடமே உள்ளது.

இதனைத் தமிழாய்வோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். நிழல் நூலகம் நம் குறையை முற்றும் தீர்க்காது. மேலைநாட்டார் சங்க இலக்கியம் பற்றி எழுதிய நூல் அங்கே கிடைக்கக்கூடும். அரை நூற்றாண்டுக்கு முன் நம் துறையிதழில் வந்த கட்டுரை கிடைப்பது அரிது. மின்வடிவம் பெறாததைத் திருடவும் இயலாது. சேத்தியாத்தோப்பிலிருந்து பயில வரும் மாணவர் ஒருவர், பழைய கட்டுரை ஒன்றுக்காக நூலகம் நூலகமாக அலைவதற்கு வெளிநாட்டுப் பதிப்பகம் காரணமன்று, நாமே காரணம்.

வழியும் நம்மிடம் உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை அரசு விலைகொடுத்துப் பெற்றுப் பின்னர்ப் பொதுவுடைமையாக்கியது. ஒருமுறை கொடுத்த விலை எக்காலத்துக்கும் கதவைத் திறந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கி வருகின்றது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அவற்றுக்குச் சோத்கங்கா என்னும் பொதுக் களஞ்சியமும் உள்ளது. விதிக்கு முந்திய ஆய்வேடுகளையும் பழைய இதழ்களையும் அவ்வாறு அளிக்க, எழுதியவர் இசைவும் துறையின் முயற்சியுமே வேண்டுவன.

ஆதலின், நம் கட்டுரைகளின் உரிமையை ஆராயாது எழுதிக் கொடாமையும், ஒவ்வொன்றின் படியையும் பொதுக் களஞ்சியத்தில் வைத்தலும் தமிழாய்வாளர் கடமையாகும். மூவர் திருவுருவாகவே வர முடிந்தது. நாமோ உயிரோடு இருக்கின்றோம். நாம் வாயிலுக்குச் செல்லும்வரை கறையான் காத்திராது.