லா சப்பலில் இருந்து வந்த போத்தல்
பழைய பொர்தோ வைனை எப்படி ரசிப்பது?

யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீட்டுக் கண்ணாடி அலுமாரிகளில் ஒரு பொர்தோ போத்தல் நிற்கிறது. பாரிஸ் லா சப்பலில் இருந்து விடுமுறைக்கு வந்த மச்சானோ மருமகனோ கொண்டுவந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று மூன்று கோடை அப்படி நின்றது. திறந்தபோது பழமணம் செத்து, காய்ச்சிய பாகின் வாசம்தான் மிஞ்சியிருந்தது. வெக்கை அதை அவித்துவிட்டது. வைன் முதிர்வது 12, 13 பாகைக் குளிரில், இருட்டில், அசையாமல் படுத்துக்கிடந்து. அந்த முதிர்ச்சி பிரான்சிலேயே நடந்து முடிந்திருக்கவேண்டும். இங்கே வந்தால் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடத்தி, சில கிழமைகளுக்குள் குடித்துவிடுங்கள். பத்து வருடத்துக்கு மேல் தாங்கக்கூடிய வைன் கொஞ்சம்தான். 2000, 2005, 2009, 2010 ஆகியவை பொர்தோவின் பேர்பெற்ற அறுவடை ஆண்டுகள். சொல்லி அனுப்புபவர்கள் இவற்றைச் சொல்லலாம்.

போத்தலின் தாளில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் தோட்டத்தின் பேரும் ஊரின் பேரும்தான். என்ன இனப் பழம் என்று அநேகமாக இராது. பலாப்பழம் என்றால் நாங்கள் தென்மராட்சி என்று கேட்டு வாங்குவதைப்போல, மண்ணின் பேரே அங்கே உத்தரவாதம். 1935 முதல் பிரான்சில் இதற்குச் சட்டமே இருக்கிறது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் ஊர் சென் எமிலியோன். பொர்தோ நகரத்துக்குக் கிழக்கே, சுண்ணக்கல் மேட்டில் இருக்கிறது. அந்தக் கல் ஒருகாலத்தில் கடலடி; நட்சத்திரமீன் எச்சங்கள் உள்ளே பதிந்திருப்பதால் அவற்றின் பேராலேயே அதை அழைக்கிறார்கள். கல்லைக் குடைந்தே ஒரு தேவாலயம் செய்திருக்கிறார்கள். உரோமக் கவிஞர் ஓசோனியஸின் பேரைத் தாங்கிய ஓசோன் தோட்டத்தின் நிலவறையும் குடைந்த பாறைதான். மெர்லோ, கபர்னே பிரான் என்ற இரண்டு இனக் கொடிகள் அந்த மேட்டில் வேர்விடுகின்றன. மழைத்தண்ணீரைக் கல் உறிஞ்சி வைத்துக் கோடையில் மெல்ல மெல்லக் கொடுக்கும். கொடி தாகத்தில் சாகாது, குடித்துக் கொழுக்கவும் மாட்டாது. சிறிய பழம், தடித்த தோல்.

கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண்ணைக் கொத்தியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் மண்ணுக்கு அடியிலும் கடல் விட்டுப்போன சுண்ணக்கல்; நிலாவரைக் கேணியின் தண்ணீரும் அதற்குள் இருந்து வருவதே. இந்தச் செம்மண்ணிலும் முந்திரிகைப் பந்தல்கள் உண்டு. தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய தோலகட்டி செபமாலைத் தாசர் மடத்தில் வைனும் நெல்லிரசமும் செய்கிறார்கள். போர்க்காலத்தில் அந்தப் பகுதியே பல வருடம் ஆளில்லாமல் கிடந்தது. போனால் அந்த வைனையும் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். ஆனால் எங்கள் கொடிக்குப் பனிக்காலத் தூக்கம் இல்லை. வெட்டிவிட்டால் திரும்பத் தளிர்த்துக் காய்க்கும். பொர்தோக் கொடி வருடத்துக்கு ஒரே தரம், புரட்டாதி, ஐப்பசியில்தான் பழம் தரும். அந்த ஒரு வருடத்து வெயிலும் மழையும் அப்படியே போத்தலுக்குள் போகிறது.

சரி, திறப்போம். முதல்நாளே போத்தலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் படியட்டும். வைன் முதிரும்போது தோலின் நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று பிணைந்து கீழே விழுவதுதான் அந்த மண்டி. குறை இல்லை, வயதின் அடையாளம். அறைச் சூட்டில் பரிமாறவேண்டும் என்று பிரெஞ்சுப் புத்தகம் சொல்வது கல்வீட்டின் 17 பாகையை, எங்கள் முப்பதை அல்ல. பிரிட்ஜில் இருந்து எடுத்து, குளிர் தணிந்தபின் திறந்தால் சரியாக இருக்கும். பழைய தக்கை உதிரும், ஆறுதலாகத் திருகுங்கள். டோர்ச் வெளிச்சத்தைப் போத்தல் கழுத்துக்குப் பின்னால் பிடித்து, மண்டி வரும்வரை மெல்ல இறுங்கள். பக்கத்தில் ஊதுபத்தி வேண்டாம், வைனின் மணத்தை மறைத்துவிடும். நண்டுக்கறியும் வேண்டாம், உறைப்பு வைனை எரிச்சலாக்கிவிடும். மிளகும் உப்பும் போட்டு வாட்டிய ஆட்டிறைச்சி போதும்.

கிளாஸை வெள்ளைத் துணிக்கு மேல் சரித்துப் பாருங்கள். விளிம்பு செங்கல் நிறத்தில் இருக்கும். பிறகு மணந்து பாருங்கள், அவசரப்படாமல். புகையிலை! பொச்சுமட்டைப் புகை போட்ட குடிலுக்குள் சிறுவயதில் நுழைந்தவருக்கு முதல் மூச்சிலேயே பிடிபடும். அதற்குப் பின்னால் அப்பாச்சியின் பெட்டகத்தைத் திறந்த வாசம், மாரி மழையில் ஊறிய பனையோலைச் சருகின் வாசம். பழம் எங்கே என்று தேடுவீர்கள். பனம்பழம் பனாட்டான மாதிரி அது உள்ளே சுருங்கி, கறுத்து, ஆழமாகியிருக்கும். இளம் வைனின் கயர் நாக்கை இறுக்கிப் பிடிக்கும்; இதில் அது பட்டுப்போல் தடவிப்போகும். விழுங்கியபின் பேசாமல் இருங்கள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தபின் ஊறுமே ஓர் இனிப்பு, அதைப்போல ஒன்று மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும். எனக்கு வைனில் ஆகப் பிடித்த இடம் அதுதான்.

வயதான வைன் காற்றை அதிகம் தாங்காது. ஒரு மணித்தியாலத்துக்குள் அதன் பேச்சு ஓய்ந்துவிடலாம். நாளைக்கு மிச்சம் வைக்காமல் நாலு பேராகக் குடியுங்கள். வெறும் கிளாஸை மட்டும் இரவு கழுவாமல் விடுங்கள். விடிய எழும்பி மூக்கை வைத்தால், அடியில் காய்ந்த அந்தத் துளியில் புகையிலைக் குடில் இன்னும் இருக்கும்.