இலைப் படம் போட்டால் நொதி பிழைக்காது

"சூழலுக்கு உகந்தது, நொதி கலந்தது" என்று விற்கும் சலவைத்தூள்கள் மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு.

சலவைக்கு நொதியைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஓட்டோ ரோம்; காப்புரிமை 1913-ல். இன்று அதற்குச் சொல்லும் பெருமை, 60 டிகிரி வெந்நீருக்குப் பதிலாக 30-லேயே துவைக்கலாம், மின்சாரம் மிச்சம் என்பது. ஐரோப்பாவுக்கு அது சரி. குஜிலியம்பாறையில் யாருங்க வெந்நீர் வைத்துத் துவைக்கிறோம்? போர் தண்ணிதான். நம்ம ஊரில் நொதிக்கு ஆபத்து வாளியில் இல்லை. சித்திரை வெயிலில் ஓடும் லாரியிலும், தகரக் கூரை போட்ட குடோனிலும் இருக்கு.

நொதி ஒரு புரதம். வெந்த முட்டை மாதிரி, உருக்குலைந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வராது. உலர்ந்திருந்தால் ஓரளவு சூடு தாங்கும். ஈரமும் காரமும் சேர்ந்தால் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் தூளைச் சூட்டில் உலர்த்தி, ஆறிய பிறகே நொதியைக் கலக்கிறார்கள். அதையும் உப்போடு சேர்த்துக் குருணையாக்கி, மேலே பூச்சு கொடுத்து. அந்தப் பூச்சு குடோனில் ஈரத்தைத் தடுக்கணும், வாளியின் பச்சைத் தண்ணியில் உடனே கரையணும். கஷ்டமான வேலைதான்.

ஆனால் நான் பார்த்த எந்த பாக்கெட்டிலும், 40 டிகிரியில் ஆறு மாதம் கிடந்தால் நொதி எவ்வளவு மிஞ்சும் என்று இல்லை. மருந்துப் பெட்டியில் எந்தச் சூட்டுக்குள் வைக்கணும் என்றாவது இருக்கு.

இது வெறும் காசு விஷயமில்லை. நொதி செத்த தூளில் கறை போகாது. இன்னொரு கரண்டி அள்ளிப் போடுவோம். அந்த நுரையும் காரமும் வாய்க்காலுக்குத்தான் போகும்.