மிச்சம் என்று ஒரு சம்பளம்

அமெரிக்காவில் டாலஸ் நகரை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் என் சித்தி மகள் வாழ்கிறாள். 1970களில் கட்டப்பட்ட வீடு. கூடத்தின் ஒரு சுவர் தரையிலிருந்து கூரைவரை சிவப்புச் செங்கல். அதன் நடுவே கணப்படுப்பு. அந்தச் சுவரை அவளே வெள்ளையாக்கினாள். அதற்கு முன் தான் படித்த குறிப்புகளையும் படங்களையும் எனக்கு அனுப்பியிருந்தாள். பழசாகிப்போன செங்கல் கணப்படுப்பைக் குறைந்த செலவில் நாமே புதுப்பிப்பது எப்படி என்று சொல்பவை அவை. பெரும்பாலும் பெண்கள் பெண்களுக்காக எழுதியவை. பாடம் நடத்துபவளின் பழக்கத்தால், ஒரு இலக்கிய வகையை வாசிப்பதுபோல அவற்றை வரிசையாக வாசித்தேன்.

எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். முதல் படத்தில் இருண்ட கூடம், கடைசிப் படத்தில் வெளிச்சம். நடுவில் செய்முறை. செங்கல்லில் படிந்த புகைக்கரியைச் சோப்புநீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நன்றாகக் காயவிட வேண்டும். ஓரங்களில் டேப் ஒட்டி, தரையில் துணி விரித்து, பெயிண்டில் சரிபாதி தண்ணீர் கலந்து பூச வேண்டும். காய்வதற்குள் பழந்துணியால் ஒற்றியெடுத்தால் செங்கல்லின் நிறம் மெல்லத் தெரியும். நெருப்பு எரியும் உட்பகுதிக்கு வெப்பம் தாங்கும் பெயிண்ட் தனியாக வேண்டும். 1978க்கு முந்தைய வீட்டில் பழைய பெயிண்ட் இருந்தால் அதைச் சுரண்டக் கூடாது, ஈயம் இருக்கலாம். பெயிண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு அடிப்பவர்களும் உண்டு. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிய கலை அல்ல.

இந்தக் கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. எனக்கு உறுத்தியது கடைசியில் வரும் செலவுக் கணக்கு. பெயிண்ட் இவ்வளவு, பிரஷ் இவ்வளவு, டேப் இவ்வளவு என்று பட்டியல் போடுகிறார்கள். கீழே, ஆள் வைத்துச் செய்திருந்தால் ஆகியிருக்கும் பெரிய தொகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ‘மிச்சம்’. அந்தப் பெரிய தொகையில் பெரும்பங்கு கூலி அல்லவா? இந்தப் பிரதிக்கு உழைப்பின் விலை தெரியாமல் இல்லை. வெளியாள் செய்தால் அதற்குக் கூலி என்று பெயர் வைக்கிறது. வீட்டுப் பெண் செய்தால் அதே உழைப்பை விலையில்லாததாக்கி, மிச்சம் என்று அவளிடமே திருப்பித் தருகிறது.

விடுபட்ட கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். வழக்கமான அமெரிக்கச் செங்கல் சுவரில் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 7 செங்கல் தெரியும். 8 அடிக்கு 8 அடிச் சுவரில் கணப்படுப்பின் வாயைக் கழித்தால் கிட்டத்தட்ட 400 செங்கல். பூசி ஒற்றியெடுக்க ஒரு செங்கல்லுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஒரு பூச்சுக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல். கழுவியது, டேப் ஒட்டியது, ஏணியில் ஏறி இறங்கியது, பிறகு தரையைத் துடைத்தது எதுவும் இதில் சேரவில்லை. இடையில் வைத்த சோறும் சேரவில்லை. இந்தக் குறிப்புகளில் அதிகமாக வரும் சொல் ‘சுலபம்’. ‘ஒரு வார இறுதி போதும்’ என்பார்கள். யாருடைய வார இறுதி என்பது மட்டும் எழுதப்படுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்–பின் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது சிவப்பழகு கிரீம் விளம்பரங்கள் நினைவுக்கு வந்தன. இருண்டது குறை, வெளுத்தது நிறைவு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. அந்த கிரீம்களில் மிகவும் பெயர்பெற்றது ‘ஃபேர் அண்ட் லவ்லி’. 2020இல் அது பெயரை மாற்றிக்கொண்டது; படங்களின் வரிசை சுவருக்கு இடம் மாறியதோ என்று தோன்றியது. கட்டிய காலத்தில் இந்தச் சிவப்புச் செங்கல்தான் நாகரிகம். இன்று அது பழசு என்றால், அந்தப் பழசுக்கு வெட்கப்பட வேண்டியவளாகவும் சரிசெய்ய வேண்டியவளாகவும் வீட்டுப் பெண் நிறுத்தப்படுகிறாள். சுவரின் வயது அவளுடைய குறையாகிவிடுகிறது.

கணப்படுப்பைப் பெண்ணின் உழைப்போடு சேர்த்து வாசிக்க நமக்கு முன்பே வழிகாட்டியவர் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன். 1983இல் வெளிவந்த ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலில் அவர் அமெரிக்க வீட்டு வேலையின் கதையைச் சொல்கிறார். திறந்த கணப்பில் சமைத்த காலத்தில் விறகு வெட்டிச் சேர்ப்பது ஆண்களின் வேலை. 19ஆம் நூற்றாண்டில் இரும்பு அடுப்பு பரவியது. அதற்குக் குறைவான விறகு போதும், ஆணின் சுமை குறைந்தது. ஒரே பானையில் வெந்துகொண்டிருந்த சாப்பாடு பல பதார்த்தங்களாகப் பெருகியது. துருப்பிடிக்காமல் அந்த அடுப்பைத் தேய்த்து மெருகேற்றும் வேலையும் புதிதாக வந்து சேர்ந்தது. இரண்டும் பெண்ணின் தலையில் விழுந்தன. வேலையைக் குறைக்க வந்ததாகச் சொல்லப்பட்டவை யாருடைய வேலையைக் குறைத்தன என்பதே கோவன் எழுப்பும் கேள்வி. இன்று வீடு முழுக்கக் குழாய்வழி வெப்பம் வருகிறது. டாலஸ் போன்ற ஊரில் குளிரும் சில வாரங்கள்தான். சூடு தரும் வேலையிலிருந்து கணப்படுப்புக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. அதை அழகாக வைத்திருக்கும் வேலையிலிருந்து அவளுக்குக் கிடைக்கவில்லை.

கணப்படுப்பைத் தன் கையால் தீட்டிய பெண்களில் புகழ்பெற்றவர் ஓவியர் வனெஸ்ஸா பெல். 1916இல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் சார்ல்ஸ்டன் என்ற பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்த அவரும் டங்கன் கிரான்ட்டும் சுவர், கதவு, மேசை, கணப்பின் முகப்பு என்று எதையும் விடாமல் வண்ணம் தீட்டினார்கள். இன்று அது அருங்காட்சியகம். அதே வீட்டில் கிரேஸ் ஹிக்கென்ஸ் என்ற பெண் இருந்தார். 1920இல் பதினாறு வயதில் பெல்லிடம் வேலைக்குச் சேர்ந்து, அரை நூற்றாண்டு அந்தக் குடும்பத்துக்கு உழைத்தவர். பெல் தூரிகை பிடித்த நேரங்களின் பின்னால் ஹிக்கென்ஸின் சமையலும் துடைப்பும் இருந்தன. பெல்லின் கலையை இதனால் நான் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் கை கலைக்கு விடுபட, இன்னொரு பெண்ணின் கை வேலைக்குக் கட்டுப்பட்டது என்பதையும் சேர்த்தே அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். டாலஸ் வீட்டில் தீட்டுபவளும் துடைப்பவளும் ஒருத்தியே.

என் தங்கை அங்கே கணவனின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறாள். இங்கே பொறியியல் படித்து ஐந்து ஆண்டு வேலை பார்த்தவள். 2015 முதல் எச்-4 மனைவியரில் ஒரு பகுதியினர் வேலைக்கு அனுமதி கேட்கலாம். கணவனின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அவள் கணவனுடையது தாண்டவில்லை. சுவர் முடிந்ததும் வீட்டுக்கு வந்த நண்பர்கள் அவனிடம், “ரெண்டாயிரம் டாலர் மிச்சம் பண்ணிட்டீங்க” என்று கைகொடுத்தார்களாம். தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். “அக்கா, எனக்குச் சம்பாதிக்கத்தான் அனுமதி இல்ல. மிச்சம் பிடிக்க எந்தத் தடையும் இல்ல.”

சட்டம் அவளுடைய உழைப்பைத் தடுக்கவில்லை, அதன் விலையைத்தான் தடுத்திருக்கிறது. நான் வாசித்த குறிப்புகள் எல்லாப் பெண்களிடமும் சிரித்தபடி செய்வதை, அவளிடம் ஒரு நாடு முத்திரை குத்திச் செய்கிறது.

அதற்காக அவள் பிரஷைத் தொட்டிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. “இந்த வீட்ல நான் முடிவெடுத்துச் செஞ்ச முதல் வேலை” என்றாள். குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைத் தவறான உணர்வு என்று திருத்த எந்தப் பெண்ணியத்துக்கும் உரிமை இல்லை. சந்தோஷமாகச் செய்த வேலையும் வேலைதான் என்று நினைவூட்டும் உரிமை மட்டுமே நமக்கு உண்டு.

எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டேன். அதுவரை யாரும் கேட்கவில்லை என்றாள். விரல்விட்டு எண்ணி, மூன்று நாளில் பத்தொன்பது மணி நேரம் என்றாள். பெயிண்ட் வாங்கிய ரசீதின் பின்புறத்தில் அதை எழுதிவைக்கச் சொன்னேன்.