வீணையும் பெட்டியும்

கச்சேரி விமரிசனம் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ராக ஆலாபனையில் பிடிகள் எப்படி விழுந்தன, நிரவலுக்கு எந்த வரியை எடுத்துக்கொண்டார், தனி ஆவர்த்தனத்தில் கோர்வை எங்கே வந்து முடிந்தது என்றெல்லாம் விஸ்தாரமாக எழுதுகிறார்கள். இத்தனையும் சபையில் உட்கார்ந்திருந்த ஐந்நூறு பேர் காதுக்கு எதன் வழியாக வந்து சேர்ந்தது என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. மிஞ்சிப் போனால் கடைசியில், 'ஒலிபெருக்கி சரியாக அமையவில்லை' என்று ஒரு வரி. பந்தியில் அப்பளம் நமுத்திருந்தது என்று சொல்கிற மாதிரி. அது அப்பளம் அல்ல ஐயா, இலை. இலை கிழிந்திருந்தால் பரிமாறினது எதுவும் வயிற்றுக்குப் போகாது.

வாத்தியம் என்பது மரமும் தந்தியும் மாத்திரம் அல்ல. விரல் பட்ட இடத்திலிருந்து கேட்கிறவன் காது வரைக்கும் வழியில் இருக்கிற எல்லாமே வாத்தியம்தான் என்பது என் கட்சி. அப்படியானால் மைக்கும், ஆம்பிளிபயரும், ஸ்பீக்கர் பெட்டியும் வாத்தியத்தின் அங்கங்கள். குடத்தையும் குதிரையையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிற வித்வான் பெட்டியை மட்டும் மைக் செட்காரரிடம் விட்டுவிடுவது எந்த நியாயம்?

தஞ்சாவூர்ச் சீமைக்கு இது புதுப் பாடம் அல்ல. நாயனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வீதி சுற்றும் சாமிக்கு முன்னால், திறந்த வெளியில், வாணச் சத்தத்துக்கு நடுவில் ஒலிக்க வேண்டிய வாத்தியம். அதற்குத் திமிரி பொருத்தம்: நீளம் குறைவு, சுருதி உயரம், ஒரு மைல் கேட்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை எடுத்துக்கொண்டார். அதில் சுத்த மத்யமம் ஒழுங்காகப் பேசும்படி நரசிங்கம்பேட்டை ரங்கநாதம் ஆசாரி செய்து கொடுத்தார். வீதி வாத்தியம் மேடைக்கு ஏறி, உட்கார்ந்து, தம்புராவை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ராகம் பேசத் தொடங்கியது. இடம் மாறினால் வாத்தியம் மாற வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. மாற்றியது ஆசாரியின் கை. மாற்றச் சொன்னது வித்வானின் காது.

வீணையின் கதை நேர் எதிர். அது அறைக்குப் பிறந்த வாத்தியம். இருபத்து நாலு மெட்டு வைத்த இன்றைய தஞ்சாவூர் வீணையை ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அரண்மனைக்குள் நாதம் பரவுவதற்கென்றே சங்கீத மகால் என்று ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆம்பிளிபயர் அதுதான்: சுவரும் கூரையும் தூணும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைஞர்களின் வம்சத்தில் வந்த வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தம் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய வித்வான்களெல்லாம் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். மெல்லிசான மீட்டு, பெரும்பாலும் மிருதங்கம்கூடக் கிடையாது. அந்த வாசிப்பை அப்படியே தூக்கி ஆயிரம் நாற்காலி போட்ட ஹாலில் வைத்தால் என்ன ஆகும்? முதல் வரிசைக்கு அமிர்தம், பத்தாவது வரிசைக்கு ஊமைப் படம்.

இதே சங்கடம் வேறொரு டெல்டாவில் வேறொரு ஜனங்களுக்கு வந்தது. அமெரிக்காவில் மிஸிஸிப்பி டெல்டா என்று ஒரு பூமி. நமக்கு நெல் என்றால் அவர்களுக்கு அந்த நாளில் பருத்தி. கூலிக்கும் வாரத்துக்கும் அங்கே பாடுபட்ட கறுப்பு மக்களின் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர். மடி வாட்டர்ஸ் என்பவர் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்து ஆள். 1941இல் ஆலன் லோமாக்ஸ் அங்கே போய் அவர் பாட்டைப் பதிவு செய்தபோது அவர் கையில் இருந்தது சாதா மரக் கிதார். 1943இல் பிழைப்புத் தேடி சிகாகோ போனார். அங்கே சாராயக் கடைகளில் வாசிக்க வேண்டும். குடித்தவர்கள் போடும் சத்தத்தில் மரக் கிதார் எடுபடவில்லை. மின்சாரக் கிதாருக்கு மாறினார். தேவைக்காக வந்த பெட்டி சீக்கிரத்தில் சங்கீதத்தையே மாற்றிவிட்டது.

காரணத்தைச் சொல்கிறேன், வீணைக்கும் அதுவே காரணம். ப்ளூஸ்காரர்கள் ஒரு ஸ்வரத்தை நேராக நிறுத்துவதில்லை. தந்தியை விரலால் பக்கவாட்டில் வளைத்து, ஸ்வரத்தை அதன் இடத்திலிருந்து மேலே ஏற்றி இறக்குகிறார்கள். நம் வைணிகர்கள் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதற்கும் அதற்கும் ஜாதி ஒன்றுதான். ஆனால் மீட்டின தந்தியின் நாதம் தேய்ந்துகொண்டே போகிற பண்டம். இழுப்பு முடிவதற்குள் நாதம் செத்துப்போனால் கமகம் பாதியில் நிற்கும். பெட்டி அந்த ஆயுளை நீட்டித்துக் கொடுத்தது.

இப்படிப்பட்ட பெட்டியை அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது நமக்குப் பாடம். பெரிய பெட்டி நல்ல பெட்டி என்று யாரும் நினைப்பதில்லை. பன்னிரண்டு, பதினைந்து வாட் உள்ள சின்ன வால்வு ஆம்பிளிபயரை அதன் சக்தி முழுவதும் திருகி வைத்தால் வால்வுகள் திணறும். அந்தத் திணறலில் நாதம் தடித்து, ஓரத்தில் சிறிது கரகரத்து, நீண்டு நிற்கும். கேட்பவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது அந்தக் கரகரப்பில்தான். நூறு வாட் பெட்டியை அந்த நிலைக்குக் கொண்டுபோவதற்குள் கூரை பறந்துவிடும். எனவே மேடையில் சின்னப் பெட்டி. அதன் முன்னால் ஒரு மைக். ஹால் முழுவதும் கொண்டுபோவது ஹாலின் ஸ்பீக்கர்கள் பொறுப்பு. நாதத்தை உண்டாக்குவது ஒன்று, பரப்புவது இன்னொன்று. இந்த இரண்டு வேலையையும் அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை.

வால்வுதான் வேதம் என்றும் சொல்ல முடியாது. பி. பி. கிங் பல வருஷம் டிரான்ஸிஸ்டர் பெட்டியில் வாசித்தார். அவருக்கு வேண்டியிருந்தது கரகரப்பு அல்ல; ஒற்றை ஸ்வரம் தெளிவாகப் பாடுவது. அவர் விரலுக்கு அந்தப் பெட்டி ஒத்தது. ஆகவே சூத்திரம் இதுதான்: முதலில் உன் விரல் என்ன சொல்ல விரும்புகிறது என்று தெரிந்துகொள், பிறகு பெட்டிக் கடைக்குப் போ.

நம் வீணைக்காரர்களும் இதை யோசிக்காமல் இல்லை. ஈமனி சங்கர சாஸ்திரி (1922–1987) வீணையின் பலகையோடு ஒட்டிய காண்டாக்ட் மைக்கை மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய சீடர் சிட்டிபாபு (1936–1996) அதே வழியில் போய், வீணைக் கச்சேரிக்கு டிக்கட் வாங்கிக்கொண்டு கூட்டம் வரும் என்று காட்டினார். ஒரே மீட்டில், ஒரே மெட்டில், தந்தியை இழுத்து இழுத்து ஸ்வர வரிசையையே பேசவைத்த எஸ். பாலசந்தரை (1927–1990) நினைத்துக்கொள்ளுங்கள். நாதம் நீண்டு நிற்காத இடத்தில் அந்த வாசிப்புக்கு அர்த்தமே இல்லை.

காண்டாக்ட் மைக்கை வைதிகர்கள் வைகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சத்தியம். அது காற்றில் வரும் நாதத்தைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைக் கேட்கிறது. குடத்துக்குள் சுழன்று வரும் அந்தக் கனிவு போய்விடுகிறது. நகம் தந்தியில் படுகிற சத்தம், விரல் மெட்டில் உரசுகிற சத்தம் எல்லாம் பூதாகாரமாக வருகிறது. பலாமரம் தகரமாகிவிடுகிறது. மறுபாதியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எதிரே ஸ்டாண்டில் நிறுத்தின மைக் வீணையை மட்டுமா கேட்கும்? பக்கத்து மிருதங்கத்தையும் கேட்கும். வீணை போதவில்லை என்று ஏற்றினால் மிருதங்கமும் சேர்ந்து ஏறும். இன்னும் ஏற்றினால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்கே திரும்பி வந்து ஊளையிடும். இன்னொன்று: கட்டையான உடம்பு உள்ள எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் பெட்டி இல்லாவிட்டால் குரலே இல்லை. 1980களில் உ. ஸ்ரீநிவாஸ் அதை எடுத்துக்கொண்டு வந்தபோது இதே ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். சரியாகவே கொண்டாடினார்கள். வீணைக்கு மட்டும் ஏன் வேறு சாஸ்திரம்?

எங்கள் பக்கத்து ஊர்ச் சபை ஒன்றில் ஒரு வீணைக் கச்சேரி கேட்டேன். முதல் நாள் கல்யாணத்துக்கும் மறுநாள் பொதுக்கூட்டத்துக்கும் பேசி வைத்திருந்த அதே மைக் செட். பேச்சு புரிவதற்கு என்று முடுக்கி வைத்த பெட்டி. சாரணி ஊசியாகக் குத்தியது. அனுமந்தரம் எங்கேயோ சாக்குக்குள் கட்டிப்போட்ட மாதிரி முனகியது. தாளத் தந்தி வேளைக்கு ஒரு தரம் சாட்டையடி அடித்தது. வாசித்த அம்மாள் நல்ல ஞானஸ்தர். பைரவியில் நிஷாதத்தைத் தொட்டு அசைத்து, அது தேயத் தேய விட்டார். இரண்டாவது வரிசையில் இருந்ததால் எனக்கு மேடையிலிருந்தே நேராக வந்தது. பின்னால் இருந்தவர்களுக்குப் பாதியில் அறுந்துபோயிருக்கும். வெளியே வரும்போது ஒருவர், "வீணை மெதுவான வாத்தியம் சார், சபைக்கு எடுக்காது" என்று தீர்ப்புச் சொன்னார். இந்தத் தீர்ப்பில்தான் எனக்குக் கவலை. பெட்டி செய்த குற்றத்துக்கு வாத்தியத்துக்குத் தண்டனை. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் சபைக் காரியதரிசிகள் இந்தத் தீர்ப்பை நம்பிவிட்டால் குறியீடு வாங்கின வீணையை யார் மேடையில் வைக்கப் போகிறார்கள்?

வைணிகர்களுக்கு என் யோசனை சுருக்கமானது. பெட்டியை நீங்களே வாங்குங்கள், பெரியதாக வேண்டாம். கடையில் உங்கள் வீணையைச் சிஷ்யர் யாராவது வாசிக்கட்டும். நீங்கள் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். துரித காலம் வேண்டாம், எந்தப் பெட்டியும் துரிதத்தில் கெட்டிக்காரத்தனமாகவே ஒலிக்கும். சாரணியை ஒரு தரம் மீட்டி விட்டுவிடச் சொல்லுங்கள். நாதம் தேய்கிறதா, அறுகிறதா? ஒரே மீட்டில் காந்தாரத்தை நாலு அசைவு அசைக்கச் சொல்லுங்கள். நாலாவது அசைவு முதலாவதைப் போலவே உயிரோடு இருக்கிறதா? பிறகு அனுமந்தரம். அது உறுமாமல் பேச வேண்டும். மைக் இரண்டும் வைத்துக்கொள்ளலாம்: நாதம் நிற்பதற்கு ஒட்டு மைக், குடத்தின் கனிவுக்கு எதிர் மைக். சின்ன ஹாலில் மிருதங்கத்துக்கு மைக்கே வேண்டாம். பெட்டியை உங்கள் பக்கத்தில் வையுங்கள். ஜனங்கள் கேட்பது உங்கள் காதிலும் விழ வேண்டும். தம்புரா நன்றாகக் கேட்கிற அளவுக்கு மேல் திருகாதீர்கள்.

விமரிசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 1958இல் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்துக்குப் போய் மின்சாரக் கிதாரை வாசித்தார். கிதார் அலறுகிறது என்று அங்கே சிலர் முகம் சுளித்தார்கள். சில வருஷம் கழித்து அவர் மரக் கிதாரோடு போய் நின்றபோது, அந்த மின்சாரக் கிதார் எங்கே என்று ஜனங்கள் கேட்டார்கள். பெட்டியை வைவதும் கொண்டாடுவதும் விமரிசனம் ஆகாது. அன்றைக்கு அந்தப் பெட்டி அந்த விரலுக்கு உண்மையாக இருந்ததா, இல்லையா என்று கேட்டு எழுதுங்கள். அதை எழுதத் தெரியவேண்டுமானால் முன் வரிசையில் போட்ட நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு உருப்படியாவது கடைசி வரிசையில் நின்று கேட்க வேண்டும்.