விடைப்பக்கம் உள்ள படைப்பாற்றல்

கரவனெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம். ஆங்கிலம் காதில் விழுவது வகுப்பறையில் மட்டும்தான். ஆங்கிலப் பயிற்சி நூல் ஒன்றின் தரத்தை இந்தப் பிள்ளையை வைத்தே எடைபோட வேண்டும்.

இலங்கை அரசு 1980 முதல் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. இதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆங்கில ஆசிரியர் கிடைக்காத பாடசாலையிலும் பிள்ளையின் கையில் ஒரு பயிற்சி நூல் இருக்கிறது. எழுத்துக்கூட்டலுக்கும் வாசிப்புக்கும் அது உதவுகிறது. பேச்சுக்கு உதவுவதில்லை. அறிவுறுத்தல்கூட ஆங்கிலத்திலேயே இருப்பதால், பால்வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பும் தாயால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியாது. பிள்ளை கீறிட்ட இடத்தை நிரப்பிப் பக்கத்தை முடிக்கும், வாய் திறக்காது. முதலிரு தரங்களில் செயற்பாட்டு வழி வாய்மொழி ஆங்கிலம் வைத்தவர்கள் சரியாகத்தான் யோசித்தார்கள். ஆனால் க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலம் இரண்டு எழுத்துத் தாள்களாக முடிகிறது. பரீட்சை கேட்காததை வகுப்பு எத்தனை நாள் கற்பிக்கும்?

அரசின் நூலுக்குக் குறையோடும் மதிப்பு உண்டு; கடைகளில் விற்கும் ‘படைப்பாற்றல்’ பயிற்சி நூல்கள்மீது எனக்கு மதிப்பில்லை. பெரும்பாலானவை புலமைப்பரிசில் பரீட்சைக்கான நுண்ணறிவு வினாக்களுக்கு வேறு அட்டை போட்டவை. கடைசிப் பக்கத்தில் விடை. ஒரு வினாவுக்கு ஒரே விடை. படைப்பாற்றல் ஆய்வை 1950இல் உளவியலின் நடுவுக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் கில்ஃபோர்ட், செங்கல்லை என்னென்ன வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பது போலக் கேட்டார். எத்தனை விடை, எத்தனை வகை, எவ்வளவு புதிது என்பதே அங்கே அளவு. விடைப்பக்கம் அச்சிட்ட அந்த இடத்திலேயே இந்த நூல்கள் தோற்றுவிடுகின்றன.

செங்கல்லுக்குப் பதில் இங்கே சிரட்டையைக் கொடுக்கலாம். பால் ஏந்த, அகப்பை செய்ய, விளக்கு வைக்க என்று பிள்ளை முதலில் தமிழிலேயே அடுக்கட்டும். பிறகு அவற்றில் மூன்றை ஆங்கிலத்தில் சொல்லட்டும். யோசனை தாய்மொழியில் ஓடும்போது ஆங்கிலத்துக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கிறது. ஆங்கிலம் சுமாராகத் தெரிந்த ஆசிரியரும் இதை நடத்தலாம்.

என் தீர்ப்பு இதுதான்: அரசின் பயிற்சி நூல் இருக்கட்டும், அதன் அறிவுறுத்தல்கள் தமிழிலும் வரட்டும், ஆங்கிலப் பாடவேளையில் பாதி பேச்சுக்குப் போகட்டும். விடைப்பக்கத்தோடு விற்கும் படைப்பாற்றல் நூலுக்குப் பெற்றோர் காசு கொடுக்க வேண்டாம்.